ஊர் கூடி இழுக்கும் தேர்

தைப்பூசத்திற்கு முதல் நாள் விடியற்காலையில், ஜோர்ஜ்டவுன் பினாங்குத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் புறப்படும். தண்ணீர்மலைப் பகுதியிலுள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலை அது சென்றடையப் பல மணி நேரம் ஆகும். வழியெங்கும் தேங்காய்கள் உடைபடும். தமிழரோடு சீனரும் தேங்காய்களைக் குவித்து வைத்துக்கொண்டு இரதத்திற்காகக் காத்திருப்பர். மறுநாள் ஜாலான் உத்தாமா வழியாகத் தண்ணீர்மலைக்கு நடப்பவர் எவரும் தாகத்தோடு திரும்புவதில்லை. சாலையோரம் வரிசையாகத் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கும். மோர், குளிர்பானம், சுடச்சுடச் சோறு என எதுவாக இருந்தாலும் கையை நீட்டினால் போதும். ‘நீ யார், எந்த ஊர், எந்த இனம்?’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அந்த ஒரு குவளை மோருக்குப் பணம் கொடுத்தவர் யார்? ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. ஒருவர் அரிசி மூட்டை வாங்கித் தந்திருப்பார். இன்னொருவர் கூடாரத்திற்கான வாடகையை ஏற்றிருப்பார். அலுவலக நண்பர்கள் ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டிருப்பார்கள். பணம் கொடுக்க இயலாதவர் இரவெல்லாம் விழித்திருந்து வெங்காயம் உரித்திருப்பார். பலரின் சிறு பங்குகள் ஒன்றுசேர்ந்து ஒரு பந்தலாகின்றன.

இப்பொழுது வேறொரு காட்சியை எண்ணிப் பாருங்கள். உங்கள் கைப்பேசியில் புலனச் செய்தி ஒன்று வருகிறது. மருத்துவமனைக் கட்டிலில் ஒரு குழந்தையின் படம். “அவசர அறுவைச் சிகிச்சைக்கு 80,000 ரிங்கிட் தேவை. உடனே உதவுங்கள். பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.” கீழே ஒரு வங்கிக் கணக்கு எண். உங்கள் மனம் இரங்குகிறது. ஆனால், ‘இது உண்மையா? நான் கொடுக்கும் பத்து ரிங்கிட் எதற்குப் போதும்? வேறு யாராவது கொடுக்கமாட்டார்களா?’ என்ற கேள்விகளும் எழுகின்றன. பெரும்பாலும் நாம் அச்செய்தியை இன்னொருவருக்கு அனுப்பிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

பந்தலில் தயங்காத கை, திரையின்முன் தயங்குவது ஏன்? அந்தத் தயக்கத்தை எவ்வாறு நீக்கலாம்? இப்பாடம் அதைப் பற்றியதே.

திரள்நிதி என்றால் என்ன?

ஒரு தேவைக்காகப் பலரிடமிருந்து சிறு சிறு தொகைகளை இணையத்தின்வழி திரட்டுவதைத் திரள்நிதி என்கிறோம். நிதி கேட்பவர் ஒரு தளத்தில் தம் தேவையை விளக்குவார். எவ்வளவு தொகை வேண்டும், எப்பொழுது வரை திரட்டப்படும் என்பதைக் குறிப்பிடுவார். கொடுப்பவர் தம் வங்கிக் கணக்கிலிருந்தோ மின்பணப்பையிலிருந்தோ பணம் அனுப்புவார். இதுவரை எவ்வளவு சேர்ந்துள்ளது என்பதை ஒரு கோடு வளர்ந்து வளர்ந்து காட்டிக்கொண்டிருக்கும்.

திரள்நிதியில் பல வகை உண்டு. நிறுவனத்தில் பங்கு பெறுவதற்காகப் பணம் போடுவது ஒரு வகை. மலேசியாவில் 2015 முதல் பங்குச் சந்தை ஆணையம் அதை ஒழுங்குபடுத்தி வருகிறது. எந்தப் பலனையும் எதிர்பாராமல் நன்கொடையாகக் கொடுப்பது மற்றொரு வகை. இப்பாடம் பேசுவது இந்த இரண்டாம் வகையைப் பற்றி.

ஒப்புரவும் ஈகையும்

இணையம் புதியது. பலர் சேர்ந்து கொடுக்கும் பழக்கம் தமிழருக்குப் புதியதன்று. திருக்குறளில் ‘ஒப்புரவறிதல்’ 22ஆம் அதிகாரம். ‘ஈகை’ 23ஆம் அதிகாரம். இரண்டும் கொடுப்பதைப் பற்றியவைதாம். ஆயினும் வள்ளுவர் அவற்றைத் தனித்தனியே வைத்தார். இல்லாதவருக்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்ந்து, ஊருக்குப் பொதுவாகப் பயன்படுவது ஒப்புரவு. ஒப்புரவாளரின் செல்வத்தை, ஊரார் நீர் எடுக்கும் குளம் நிறைந்திருப்பதற்கு வள்ளுவர் ஒப்பிடுகிறார். குளம் இருப்பது ஒரு வீட்டிற்காக அன்று, எல்லாருக்காகவும்தான்.

நல்ல திரள்நிதியில் இவ்விரண்டும் கலந்திருக்கின்றன. துன்பப்படுபவருக்கு உதவுவதால் அது ஈகை. அந்த உதவியைத் தனி ஒருவரின் சுமையாக விடாமல் பலரும் பகிர்ந்துகொள்வதால் அது ஒப்புரவு. ஒப்புரவு இல்லாத இடத்தில் ஈகை விரைவில் களைத்துப்போகும்.

தோட்டத்தை வாங்கிய பத்து வெள்ளி

பினாங்குத் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து கிழக்கே சென்றால் சற்று நேரத்தில் கெடா மாநிலம் வந்துவிடும். நம் நாட்டுத் தமிழர் ஒன்றுசேர்ந்து பணம் போட்டு நிலம் வாங்கிய வரலாறு அங்கேதான் தொடங்கியது.

நாடு விடுதலை அடைந்த பின்னர், வெளிநாட்டு நிறுவனங்கள் பல தங்கள் இரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். இதைத் தோட்டத் துண்டாடல் என்பர். தோட்டம் துண்டாடப்பட்டபோது தொழிலாளி வேலையை இழந்தார். குடியிருந்த வீடும் தோட்டத்துக்கே சொந்தமானது. ஆதலால் அதையும் இழந்தார். பிள்ளைகளின் பள்ளிப் படிப்பும் கேள்விக்குறியானது.

அப்பொழுது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் ஒரு வழி சொன்னார். தோட்டங்கள் விற்பனைக்கு வருகின்றன என்றால், தொழிலாளர்களே அவற்றை வாங்கலாமே! 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அதை மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டலாம். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் நேரில் பேசினார். மறு ஆண்டே, 1961இல், கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதன் பிறகு மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன.

இது நன்கொடை அன்று, பங்கு முதலீடு. என்றாலும் திரள்நிதி எப்படி வேலை செய்கிறது என்பதை இது நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது. அன்றைய தொழிலாளிக்குப் பத்து வெள்ளி சிறிய தொகை அன்று. அதைக் கொண்டு ஓர் ஏக்கர் நிலத்தைக்கூட வாங்க முடியாது. மற்றவர்களும் போட்டால்தான் அதற்குப் பயன். ‘மற்றவர்கள் போடுவார்களா? போட்ட பணம் பத்திரமாக இருக்குமா?’ என்ற இரண்டு கேள்விகள் அவர் மனத்தில் எழுந்திருக்கும். அவற்றுக்கு விடையாகப் பதிவு பெற்ற சங்கம் இருந்தது; நேரில் வந்து பேசிய தலைவர் இருந்தார்; கண்முன் ஒரு தோட்டமும் வாங்கப்பட்டது. நம்பிக்கை வளர்ந்தது; உறுப்பினர்களும் பெருகினர்.

பெயரை அச்சிட்ட செய்தித்தாள்

இதே உண்மையை உலகின் மறுகோடியிலும் காணலாம். அமெரிக்காவின் நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திரதேவி சிலையை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். பிரான்சு நாட்டு மக்களின் அன்பளிப்பு அது. ஆனால், சிலையை நிறுத்துவதற்கான பீடத்தை அமெரிக்கர்களே கட்ட வேண்டியிருந்தது. 1885இல் அதற்கான பணம் தீர்ந்துபோனது.

ஜோசப் புலிட்சர் என்னும் பத்திரிகையாளர் தம் செய்தித்தாளின்வழி பொதுமக்களிடம் உதவி கேட்டார். ‘எவ்வளவு சிறிய தொகை தந்தாலும் உங்கள் பெயரை அச்சிடுவோம்’ என்று உறுதி கூறினார். சுமார் ஐந்தே மாதங்களில் 120,000க்கும் மேற்பட்டோர் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துவிட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தந்தது ஒரு டாலருக்கும் குறைவு. பெயரை அச்சிட்டதால் இரண்டு நன்மைகள் விளைந்தன. கொடுத்தவருக்குத் தம் பங்கு கணக்கில் வந்துவிட்டது என்ற நிறைவு கிடைத்தது. இன்னும் கொடுக்காதவருக்கு, ‘நம்மைப் போன்றவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்பது தெரிந்தது.

நம் காலத்திற்கு வருவோம். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு நிலையான ஓர் இருக்கை அமைக்க 60 லட்சம் அமெரிக்க டாலர் தேவைப்பட்டது. அங்கே வாழும் மருத்துவர்களான விஜய் ஜானகிராமனும் சம்பந்தமும் 2015இல் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் தந்து முயற்சியைத் தொடங்கிவைத்தனர். பிறகு உலகின் பல நாடுகளிலுள்ள தமிழர்கள் இணையத்தின்வழியும் நேரிலும் தங்களால் இயன்றதைக் கொடுத்தனர். தமிழ்நாட்டு அரசு பத்துக் கோடி ரூபாய் வழங்கியது. 2018இல் இலக்கு எட்டப்பட்டது. முதலில் கொடுத்த இருவரும் இலக்கில் ஆறில் ஒரு பங்கைத்தான் கொடுத்தார்கள். மீதி ஐந்து பங்கைப் பிறர் கொடுத்தனர். ஆனால், அந்த முதல் பங்கு இல்லாதிருந்தால் மற்ற ஐந்தும் வந்திருக்குமா?

கை தயங்குவது ஏன்?

மனிதர் எப்பொழுது உதவுகின்றனர், எப்பொழுது தயங்குகின்றனர் என்பதை ஆய்வாளர்கள் ஆராய்ந்துள்ளனர். அவற்றுள் இரண்டு ஆய்வுகளை இங்கே காண்போம்.

முதலாவது, 1968இல் டார்லி, லத்தானே என்னும் இரு உளவியலாளர்கள் வெளியிட்டது. மாணவர்கள் தனித்தனி அறைகளில் அமர்ந்து ஒலிபெருக்கிவழி உரையாடினர். திடீரென்று, பேசிக்கொண்டிருந்த ஒருவருக்கு வலிப்பு வந்தது போன்ற குரல் கேட்டது. அக்குரலைக் கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர் விரைந்து உதவி தேடினர். இன்னும் நால்வரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 விழுக்காட்டினரே அவ்வாறு செய்தனர். மற்றவர்கள் கல்நெஞ்சர் அல்லர். ‘வேறு யாராவது உதவியிருப்பார்கள்’ என்று எண்ணிவிட்டனர். அவ்வளவே.

200 பேர் உள்ள புலனக் குழுவில் வரும் உதவிச் செய்திக்கும் இதுவே நேர்கிறது. எல்லாரும் பார்க்கிறார்கள். எல்லாரும் இன்னொருவரை எதிர்பார்க்கிறார்கள். ‘ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. தேரைச் சுற்றி ஊரே நின்றும், வடத்தைத் தொட ஒருவரும் முன்வராவிட்டால் தேர் நகராது.

இரண்டாவது ஆய்வு, 2002இல் லிஸ்ட், லக்கிங்-ரைலி என்னும் இரு பொருளியலாளர்கள் வெளியிட்டது. ஒரு பல்கலைக்கழக ஆய்வு மையத்திற்குக் கணினிகள் வாங்க அவர்கள் பலருக்கு மடல் அனுப்பினர். ‘தேவையான தொகையில் 10 விழுக்காடு ஏற்கெனவே கிடைத்துவிட்டது’ என்று சிலருக்கு எழுதினர். ‘67 விழுக்காடு கிடைத்துவிட்டது’ என்று வேறு சிலருக்கு எழுதினர். இரண்டாம் வகை மடலைப் பெற்றவர்களிடமிருந்து ஏறத்தாழ ஆறு மடங்கு தொகை சேர்ந்தது.

இவ்விரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ‘மற்றவர்கள் கொடுப்பார்கள்’ என்ற எண்ணம் நம் கையைக் கட்டிப்போடுகிறது. ‘மற்றவர்கள் கொடுத்துவிட்டார்கள், இன்னும் கொஞ்சம்தான் மீதி’ என்று கண்ணால் காணும்போது அந்தக் கட்டு அவிழ்கிறது. தண்ணீர்ப் பந்தலில் எல்லாம் நம் கண்முன் நடக்கிறது. அரிசி வருவதைப் பார்க்கிறோம். சோறு வேகும் மணத்தை உணர்கிறோம். குடிப்பவரின் முகத்தையும் காண்கிறோம். திரை இவற்றையெல்லாம் மறைத்துவிடுகிறது. ஆகவே, திரை மறைப்பதைக் காட்டும் பொறுப்பு, கேட்பவருக்கும் உண்டு, கொடுப்பவருக்கும் உண்டு.

கொடுப்பவர் ஆராய வேண்டியவை

இரக்கம் நல்ல குணம். ஆராயாத இரக்கம் ஏமாற்றுக்காரருக்கு முதலாகிவிடும். ஏமாந்தவர் மறுமுறை உண்மையான ஏழைக்கும் கொடுக்கத் தயங்குவார். எனவே, போலி வேண்டுகோளால் பாதிக்கப்படுபவர் பணம் இழந்தவர் மட்டும் அல்லர். அடுத்து உதவி கேட்டு வரப்போகும் நோயாளியும்தான்.

பணம் அனுப்பும் முன் சிலவற்றைச் சரிபார்ப்பது கடமை. வேண்டுகோளின் மூலம் எது? யாரோ அனுப்பி, யாரோ மறுபடி அனுப்பிய செய்தியைவிட, நிதி திரட்டும் தளத்தின் பக்கத்தையே நேரடியாகத் திறந்து பார்ப்பது நல்லது. செய்தியில் தேதி உள்ளதா? சிகிச்சை முடிந்த பிறகும் பழைய படங்கள் புலனத்தில் உலவிக்கொண்டே இருக்கும். வங்கிக் கணக்கு யார் பெயரில் உள்ளது? ஓர் இயக்கத்துக்கு என்று கேட்டுவிட்டுத் தனி மனிதரின் கணக்கைத் தந்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். அரச மலேசியக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ அகப்பக்கத்தில் ஒரு கணக்கு எண்ணைப் பதிவிட்டால், அதன்மீது மோசடிப் புகார் உள்ளதா என்பதை அறியலாம்.

சங்கங்களின் பதிவிலாகாவில் பதிவு பெற்ற இயக்கமா என்று பார்ப்பதும் நல்லது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அறநிறுவனங்கள், 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் வரிவிலக்குப் பற்றுச்சீட்டு வழங்கலாம். அத்தகைய பற்றுச்சீட்டு கிடைத்தால், அந்நிறுவனத்தின் கணக்கைக் கேட்க ஒரு வாரியம் இருக்கிறது என்று பொருள். வீடு வீடாகவோ தெருவிலோ நிதி திரட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டுச் சட்டம். உண்டியல் ஏந்தி வருபவரிடம் அந்த அனுமதிக் கடிதத்தைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. நேர்மையானவர் அதை மகிழ்ச்சியோடு காட்டுவார்.

பணம் அனுப்பிய பிறகு ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் நேரத்தைக் கடத்தக்கூடாது. 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தை உடனே அழைக்க வேண்டும். பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்குள் அதைத் தடுக்க வாய்ப்பு உண்டு. நீங்கள் மாணவராக இருந்தால், எந்தத் தொகையையும் பெற்றோரிடம் கூறிய பிறகே அனுப்புங்கள்.

கேட்பவரின் கடமை

இனி, நீங்களே உதவி கேட்கும் இடத்தில் நிற்பதாக எண்ணிப் பாருங்கள். உங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீடு தீயில் எரிந்துவிட்டது. குடும்பத்தில் எவருக்கும் காயம் இல்லை. ஆனால், எஸ்.பி.எம். தேர்வுக்கு மூன்று மாதங்களே இருக்கும் வேளையில் அவளிடம் புத்தகம் இல்லை, சீருடை இல்லை, படிக்க ஒரு மேசைகூட இல்லை. வகுப்பு மாணவர்கள் சேர்ந்து இணையத்தில் நிதி திரட்ட விரும்புகிறீர்கள். எங்கே தொடங்குவீர்கள்?

முதலில் தோழியிடமே கேட்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகின்றனர். எரிந்த வீட்டின்முன் அவள் அழும் படத்தைப் போட்டால் பணம் விரைவாகச் சேரலாம். ஆனால், பணம் செலவாகிவிடும். படம் இணையத்திலேயே தங்கிவிடும். பல ஆண்டுகள் கழித்து அவள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தப் படம் இருக்கும். அவளும் அவள் பெற்றோரும் ஒப்புக்கொண்டவற்றை மட்டுமே எழுத வேண்டும். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, மருத்துவ அறிக்கை ஆகியவற்றை வெளியிடவே கூடாது. உதவி பெறுபவரின் மானத்தைக் காப்பதும் உதவியின் ஒரு பகுதியே.

அடுத்து, பணத்தைப் பொறுப்பேற்பவர் யார் என்று முடிவுசெய்ய வேண்டும். மாணவரின் சொந்தக் கணக்கில் பொதுப்பணத்தைச் சேர்ப்பது முறையன்று. பள்ளி நிருவாகத்தின் ஒப்புதலோடு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கணக்கைப் பயன்படுத்தலாம். கணக்கைச் சரிபார்க்க இருவர் இருப்பது நல்லது.

மூன்றாவதாக, இலக்கை விளக்கமாகச் சொல்ல வேண்டும். ‘இயன்றதைக் கொடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ‘புத்தகங்களுக்கு 400 ரிங்கிட், இரண்டு சீருடை, காலணிகளுக்கு 300 ரிங்கிட், மேசை நாற்காலி, விளக்குக்கு 500 ரிங்கிட், ஆக மொத்தம் 1,200 ரிங்கிட்’ என்று எழுதுங்கள். வகுப்பில் 30 பேர் இருந்து ஆளுக்குப் பத்து ரிங்கிட் போட்டால் 300 ரிங்கிட் சேரும். சீருடைக்கான பணம் முதல் நாளே வந்துவிடும்! வெளியாரிடம் கேட்கும் முன் உங்கள் பங்கை வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதை முன்பே கண்டோம். ‘கால்பங்கு எங்களிடம் உள்ளது’ என்று கூறிக் கேட்பவரின் குரலுக்கு வலிமை அதிகம்.

நான்காவதாக, கணக்குக் காட்ட வேண்டும். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, எவ்வளவு மீதி என்பதை, பற்றுச்சீட்டுகளோடு கொடுத்தவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நிதி திரட்டும் தளம் கட்டணம் பிடித்திருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. இலக்கை மிஞ்சிப் பணம் வந்தால் என்ன செய்வோம் என்பதை முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். பெயர் வெளியிட விரும்பாதவரின் பெயரை வெளியிடாமல் மதிப்பதும், பத்து ரிங்கிட் கொடுத்தவருக்கும் ஆயிரம் ரிங்கிட் கொடுத்தவருக்கும் ஒரே மாதிரி நன்றி சொல்வதும் நல்ல பண்பு.

பணம் மட்டுமா உதவி?

2017 நவம்பர் மாதம் 4, 5ஆம் நாள்களில் பினாங்கைப் பெரும்புயலும் வெள்ளமும் தாக்கின. ஏழு உயிர்கள் பறிபோயின. வீடுகளில் சேறு நிறைந்தது. அந்நாள்களில் நிதி திரட்டியவர்கள் இருந்தனர். துடைப்பமும் வாளியுமாக முன்பின் அறியாதவர் வீட்டுக்குள் நுழைந்து சேற்றை அள்ளியவர்களும் இருந்தனர்.

2021இன் நடுப்பகுதியில், கோவிட்-19 நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, வேலையிழந்த குடும்பங்கள் பல உணவுக்கே தவித்தன. அப்பொழுது ‘வெள்ளைக்கொடி’ இயக்கம் நாடெங்கும் பரவியது. உதவி வேண்டுவோர் வீட்டுவாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும். கெஞ்ச வேண்டியதில்லை, கதை சொல்ல வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தார் அரிசியும் முட்டையும் பால்மாவும் கொண்டுவந்து வைத்தனர். கணினித் திறன் உள்ள இளைஞர்கள், எங்கே உணவு தேவை, எங்கே உணவு கிடைக்கும் என்று காட்டும் இணைய வரைபடங்களை உருவாக்கித் தந்தனர். பணம் இல்லாத மாணவரிடமும் இத்தகைய திறமை இருக்கலாம். வேண்டுகோளைப் பிழையின்றி மூன்று மொழிகளில் எழுதித் தருவது, கணக்கு அட்டவணை தயாரிப்பது, பொய்யான செய்தியை மேலும் பரவவிடாமல் நிறுத்துவது ஆகிய அனைத்தும் உதவியே.

வடத்தைத் தொடும் கை

மாணவர்களே, அடுத்த முறை உங்கள் கைப்பேசிக்கு ஓர் உதவிச் செய்தி வந்தால், உடனே பணம் அனுப்பிவிடவும் வேண்டாம். உடனே ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஐந்து நிமிடம் செலவிட்டு அது உண்மையா என்று பாருங்கள். பொய் என்றால், அனுப்பியவருக்கு மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். உண்மை என்றால், உங்களால் இயன்றதைக் கொடுத்துவிட்டு, “நான் சரிபார்த்தேன். என் பங்கைக் கொடுத்துவிட்டேன்” என்று குழுவில் ஒரு வரி எழுதுங்கள். தற்பெருமைக்காக அன்று, தொகையைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ‘யாராவது தொடங்கட்டும்’ என்று காத்திருக்கும் மற்றவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்க ஒரு தொழிலாளி முதன்முதலில் பத்து வெள்ளியை எடுத்து நீட்டியபோது, அருகிலிருந்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். இன்று இணையத்திலும் ஊர் கூடியே நிற்கிறது. வடத்தைத் தொடும் முதல் கை உங்கள் கையாக இருக்கட்டும்.

சிந்தித்துப் பேசுக

1. ஒப்புரவுக்கும் ஈகைக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வட்டாரத்து எடுத்துக்காட்டு ஒன்றின்வழி விளக்குக.

2. தோட்டத் தொழிலாளர்கள் பத்து வெள்ளியைக் கொடுக்க முன்வந்ததற்கான காரணங்கள் யாவை? அவை இன்றைய திரள்நிதிக்கும் பொருந்துமா?

3. ‘பணம் செலவாகிவிடும், படம் இணையத்திலேயே தங்கிவிடும்.’ இக்கூற்றைக் குறித்து உங்கள் கருத்தைக் குழுவில் கலந்துரையாடுக.

4. உங்கள் பள்ளியில் உதவி தேவைப்படும் ஒரு சூழலைக் கருத்திற்கொண்டு, இலக்கு, பொறுப்பாளர், கணக்குக் காட்டும் முறை ஆகியவை அடங்கிய வேண்டுகோள் ஒன்றை எழுதுக.